ஒரு நகல் போனால் தாங்காத மரபணுக்கள்: கணினி அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

குழந்தையின் மரபணுப் பரிசோதனை அறிக்கையில் "பிஎல்ஐ 1.00" (ஒரு நகல் முடங்குவதை அந்த மரபணு தாங்காது என்று கணினி கணிக்கும் மதிப்பெண்) என்று ஒரு வரியைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் உண்டு. உயிர்தகவலியல் படிக்க வந்து, ஒரே மரபணுவுக்கு நாலைந்து விதமான மதிப்பெண்கள் ஏன் என்று குழம்பும் மாணவர்களும் உண்டு. இந்தக் கேள்விகள் இரு தரப்பினரிடமிருந்தும் வருபவை.

எல்லா மரபணுவுக்கும் இரண்டு நகல் இருக்கிறதே. ஒன்று கெட்டால் இன்னொன்று பார்த்துக்கொள்ளாதா?

பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். புரதம் செய்யும் மரபணுக்கள் நம்மிடம் சுமார் 20,000. அம்மாவிடமிருந்து ஒரு நகல், அப்பாவிடமிருந்து ஒரு நகல். ஆரோக்கியமாக நடமாடும் ஒவ்வொருவரிடமும் ஏறத்தாழ நூறு முடக்கு மாற்றங்கள், அதாவது ஒரு மரபணு நகலைச் செயலிழக்கச் செய்யக்கூடிய மாற்றங்கள், இருப்பதாக 2012இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. உங்களிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும். வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போய்விடும்.

ஆனால் சில மரபணுக்களுக்குப் பாதி போதாது. பாக்ஸ்6 மரபணுவில் ஒரு நகல் போனால் கண்பாவையைச் சுற்றியிருக்கும் நிறப்படலம் உருவாகாமலோ அரைகுறையாகவோ போகும். எஸ்சிஎன்1ஏ மரபணுவில் ஒன்று போனால் டிராவே நோய், கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு. இரண்டிலும் மற்ற நகல் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கும். அது செய்வது போதவில்லை, அவ்வளவுதான். இந்த நிலைக்கு ஹாப்ளோஇன்சஃபிஷியன்சி என்று பெயர். இங்கே 'ஒற்றை நகல் போதாமை' என்று சொல்லிக்கொள்வோம்.

சில மரபணுக்களுக்கு மட்டும் ஏன் பாதி போதவில்லை?

இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால் இட்லி எண்ணிக்கை குறையும், பதம் கெடாது. அரிசியை அப்படியே வைத்து உளுந்தை மட்டும் பாதியாக்கினால் இட்லி கல்லாகிவிடும். பல புரதங்கள் ஒன்றோடொன்று கோத்து ஓர் அமைப்பாக வேலை செய்யும் இடங்களில் இதுதான் நடக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் விகிதம் கெடுகிறது. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் இயந்திரமான ரைபோசோமின் பாகங்கள் நல்ல உதாரணம். ஆர்பிஎஸ்19 என்ற ரைபோசோம் புரதத்தின் ஒரு நகல் போனால், டயமண்ட்-பிளாக்ஃபேன் சோகை என்ற இரத்தச்சோகை குழந்தைக்கு வருகிறது.

பிற மரபணுக்களை இயக்கி நிறுத்தும் கட்டுப்பாட்டுப் புரதங்களும் இந்தப் பட்டியலில் நிறைய. கரு வளரும்போது அவற்றின் அளவே ஒரு செய்தி. அளவு பாதியானால் செய்தியே மாறிவிடும்.

நொதிகள் இதற்கு நேரெதிர். எடின்பரோவில் ஹென்றிக் காக்சரும் ஜேம்ஸ் பர்ன்ஸும் 1981இல் காரணத்தைக் கணக்காகவே காட்டினார்கள். ஒரு வேதிப்பாதையில் வரிசையாகப் பல நொதிகள் இருக்கும்போது, ஒன்றின் அளவு பாதியானாலும் மொத்த ஓட்டம் கொஞ்சம்தான் குறையும். நொதிக் குறைபாட்டு நோய்கள் பெரும்பாலும் இரண்டு நகல்களும் கெட்டால் மட்டும் வருவது இதனால்தான்.

ஆய்வகத்தில் ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தால் போதாதா? கணினி எதற்கு?

ஈஸ்ட்டில் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு மரபணுவிலும் ஒரு நகலை நீக்கிய ஈஸ்ட் வகைகளைச் சத்து மிகுந்த ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தபோது, சுமார் 3 சதவீத மரபணுக்களில், அதாவது 184இல், வளர்ச்சி குன்றியது. இது 2005இல் வந்த முடிவு. அதைவிடச் சுவாரசியம், சத்துக் குறைந்த ஊடகத்தில் அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை எந்தக் குறையையும் காட்டவில்லை என்பது. மெதுவாக வளரும்போது பாதிச் சரக்கே போதுமாக இருந்தது. ஆக, 'போதாமை' என்பது மரபணுவுக்கு மட்டும் உரிய குணம் இல்லை, சூழலையும் பொறுத்தது.

மனிதரிடம் இந்தச் சோதனையைச் செய்ய வழியில்லை. எலியில் செய்யலாம், ஆனால் ஒரு நகல் குறைந்தால் மனிதருக்கு வரும் நோய் எலிக்கும் அதே வடிவில் வரும் என்ற உறுதி இல்லை. பேச்சு தாமதமாவதை எலியிடம் எப்படி அளப்பது? இயற்கை ஏற்கெனவே செய்து முடித்த சோதனையின் முடிவுகளைப் படிப்பதே மிச்சம் இருக்கும் வழி. அந்த முடிவுகள் லட்சக்கணக்கானவர்களின் டிஎன்ஏவில் சிதறிக் கிடப்பதால்தான் கணினி வேண்டியிருக்கிறது.

கணினி முறைகள் எப்போது தொடங்கின?

மரபணுத்தொகை முழுவதையும் அலசிய முதல் பெரிய முயற்சி 2010இல் வந்தது. இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் மேத்யூ ஹர்ல்ஸ் குழு, அமெரிக்காவில் எட்வர்ட் மார்க்கட்டுடன் சேர்ந்து செய்தது. ஒரு பக்கம், ஒற்றை நகல் போதாமை உண்டு என்று ஏற்கெனவே தெரிந்த மரபணுக்கள். மறுபக்கம், ஆரோக்கியமாகத் தெரிந்த 8,458 பேரிடம் திரும்பத் திரும்ப ஒரு நகல் அழிந்திருந்தும் பாதிப்பு இல்லாத 1,079 மரபணுக்கள். இரண்டு கூட்டத்தையும் எவை பிரிக்கின்றன என்று பார்த்தார்கள். பரிணாமத்தில் எவ்வளவு மாறாமல் இருக்கிறது, கருவில் எவ்வளவு இயங்குகிறது, தெரிந்த போதாமை மரபணுக்களோடு எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கிறது. இந்த அம்சங்களைக் கொண்டு 12,443 மரபணுக்களுக்கு ஒரு நிகழ்தகவு கொடுத்தார்கள்.

நல்ல தொடக்கம்தான். ஆனால் இந்த வகை முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. நிறைய ஆராயப்பட்ட மரபணுவுக்குத் தொடர்புகளும் நிறையத் தெரியும், அதனால் மதிப்பெண்ணும் ஏறும். யாரும் கண்டுகொள்ளாத மரபணு, எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும், கீழேயே கிடக்கும்.

சரி, இப்போது எல்லோரும் பயன்படுத்தும் முறை எது?

இல்லாததை எண்ணும் முறை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது பிழைகள் வரும். ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத சுமார் 60 முதல் 70 புது மாற்றங்களோடு பிறக்கிறது. டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளின் நீண்ட வரிசை. பிழைகள் எல்லா எழுத்துகளிலும் ஒரே வேகத்தில் வருவதில்லை. ஓர் எழுத்து மாறும் வாய்ப்பு அதன் இடப்பக்க, வலப்பக்க எழுத்துகளைப் பொறுத்தது. 'சி'யை அடுத்து 'ஜி' வரும் இடங்களில் பிழை பல மடங்கு அதிகம். இந்த வேகங்களைத் தெரிந்துகொண்டால், ஒரு மரபணுவின் எழுத்து வரிசையை மட்டும் வைத்தே, "இத்தனை லட்சம் பேரைப் பார்த்தால் இந்த மரபணுவில் இத்தனை முடக்கு மாற்றங்கள் தென்பட வேண்டும்" என்று கணக்கிடலாம். இதுதான் எதிர்பார்ப்பு எண்.

அந்தக் கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? புரதத்தை மாற்றாத ஊமை மாற்றங்களைப் பார்க்க வேண்டும். அவற்றால் பெரும்பாலும் கெடுதல் இல்லை, அதனால் எதிர்பார்ப்பும் உண்மையும் ஒத்துப்போக வேண்டும். நடைமுறையில் ஒத்துப்போகின்றன. தராசில் எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பது போல.

அப்புறம் உண்மையான எண்ணிக்கை. ஒரு மரபணுவில் 40 முடக்கு மாற்றங்கள் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது, ஆனால் ஒன்றுகூட இல்லை என்றால் அந்த 40 எங்கே போயின? பிழைகள் நடந்திருக்கும். அந்தப் பிழையைச் சுமந்தவர்கள் பிறக்காமல் போயிருக்கலாம், நோயுற்றிருக்கலாம், அல்லது குழந்தை பெறாமல் போயிருக்கலாம். அதனால் அந்த மாற்றங்கள் அடுத்த தலைமுறைக்கு வரவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் அளக்கிறோம்.

2016இல் டேனியல் மெக்ஆர்தர் தலைமையிலான எக்ஸாக் கூட்டமைப்பு 60,706 பேரின் எக்ஸோம்களை, அதாவது டிஎன்ஏவில் புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதிகளை, வைத்து இதைச் செய்தது. 3,230 மரபணுக்கள் முடக்கு மாற்றங்களை ஏறக்குறைய முற்றிலும் பொறுக்காதவையாகத் தெரிந்தன. அவற்றில் 72 சதவீதத்துக்கு அப்போது எந்த மனித நோயோடும் உறுதியான தொடர்பு தெரியாது. யாரும் தேடாத இடத்தில் ஆயிரக்கணக்கான முக்கிய மரபணுக்கள் இருந்தன.

பிஎல்ஐ, லோஃப் என்று இரண்டு மதிப்பெண்கள் வருகின்றன. என்ன வித்தியாசம்?

பிஎல்ஐ எக்ஸாக் காலத்தது. மரபணுக்களை மூன்று கூடைகளாகப் பிரிக்கும்: முடங்கினாலும் பரவாயில்லை, இரண்டு நகலும் முடங்கினால்தான் கெடுதல், ஒன்று முடங்கினாலே கெடுதல். மூன்றாவது கூடையைச் சேர்ந்ததாக இருப்பதற்கான நிகழ்தகவே பிஎல்ஐ. 0.9க்கு மேல் இருந்தால் தாங்காத மரபணு என்று எடுத்துக்கொள்வார்கள். 0.95க்கும் 0.99க்கும் பெரிய அர்த்தம் தேட வேண்டாம். கிட்டத்தட்ட ஆமாம்-இல்லை என்று சொல்லும் எண் அது.

லோஃப் 2020இல் நோமேட் தரவுத்தொகுப்போடு வந்தது. அதில் 1,25,748 எக்ஸோம்கள், 15,708 முழு மரபணுத்தொகைகள். கண்டதை எதிர்பார்த்ததால் வகுத்து, அந்த விகிதத்தின் நம்பக வரம்பில் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளுக்குள்) மேல் எல்லையை எடுத்தால் அது லோஃப். இங்கே குறைவாக இருந்தால்தான் தாங்காத மரபணு. பிஎல்ஐயில் அதிகம் ஆபத்து, லோஃபில் குறைவு ஆபத்து. இதை மாற்றிப் படித்துவிடுபவர்கள் நிறைய.

மேல் எல்லையை ஏன் எடுக்கிறார்கள்? 40 எதிர்பார்த்து 0 கண்டால் மேல் எல்லை சுமார் 0.08. 3 மட்டும் எதிர்பார்த்து 0 கண்டால் மேல் எல்லை கிட்டத்தட்ட 1. இரண்டிலும் விகிதம் சுழியம்தான், ஆனால் இரண்டாவதில் தற்செயலாகவே 0 வர 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. லோஃப் அந்தத் தயக்கத்தை எண்ணுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: வெட்டு எண், அதாவது எதற்குக் கீழே போனால் தாங்காத மரபணு என்று கொள்வது என்ற எல்லை, பதிப்புக்குப் பதிப்பு மாறும். நோமேட் இரண்டாம் பதிப்புக்கு 0.35, 2023 இறுதியில் 8,07,162 பேரோடு வந்த நான்காம் பதிப்புக்கு 0.6. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் லோஃபை எழுதும் அறிக்கையை அரைகுறை அறிக்கை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அப்படியானால் சிறிய மரபணுக்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிறிய மரபணுவில் பிழை விழ இடமே குறைவு, அதனால் எதிர்பார்ப்பு எண்ணும் குறைவு. எண்ணுவதை மட்டும் நம்பினால் அவை காலத்துக்கும் 'தெரியாது' பட்டியலிலேயே இருக்கும். ஸ்டான்ஃபோர்டில் ஜோனதன் பிரிட்சர்ட் குழு 2024இல் வெளியிட்ட முறை இரண்டு யோசனைகளையும் சேர்க்கிறது. மரபணு எந்தத் திசுவில் இயங்குகிறது, எவ்வளவு பாதுகாக்கப்பட்டிருக்கிறது போன்ற அம்சங்களிலிருந்து இயந்திரக் கற்றல் ஒரு முன்கணிப்பைத் தரும். எண்ணிக்கைத் தரவு அதைத் திருத்தும். தரவு நிறைய இருந்தால் தரவே பேசும், குறைவாக இருந்தால் முன்கணிப்பு கைகொடுக்கும். கிடைக்கும் எண்ணுக்கும் நேரடிப் பொருள் உண்டு: ஒரு நகல் முடங்கியவரின் வாரிசு எண்ணிக்கை சராசரியாக எவ்வளவு குறைகிறது என்பது.

எழுத்துப் பிழை இல்லாமல், ஒரு துண்டே காணாமல் போனால்?

அதற்குத் தனி மதிப்பெண்: பிஹாப்ளோ. 2022இல் 9,50,278 பேரிடம் அரிய நீக்கங்களையும் இரட்டிப்புகளையும் தொகுத்து உருவாக்கியது. 2,987 மரபணுக்கள் ஒரு நகல் குறைந்தால் தாங்காதவை, 1,559 மரபணுக்கள் ஒரு நகல் கூடினால் தாங்காதவை என்று கணித்தார்கள். கூடினாலும் கெடுதலா என்று வியக்க வேண்டாம். பிஎம்பி22 மரபணுவில் ஒரு நகல் குறைந்தால், அழுத்தம் பட்டாலே கை கால் மரத்துப்போகும் நரம்பு நோய். ஒன்று கூடினால் சார்கோ-மாரி-டூத் என்ற வேறொரு நரம்பு நோய்.

பிஆர்சிஏ1 மார்பகப் புற்றுநோய் மரபணு என்கிறார்கள். அதன் பிஎல்ஐ சுழியமாக இருக்கிறதே?

மிக நல்ல கேள்வி. இந்த மதிப்பெண்கள் நோயை அளப்பதில்லை. வாரிசு பெறுவதற்கு முன் ஏற்படும் இழப்பை அளக்கின்றன. பிஆர்சிஏ1இல் ஒரு நகல் முடங்கியவருக்குப் புற்றுநோய் பெரும்பாலும் நடுவயதில் வருகிறது. அதற்குள் குழந்தைகள் பிறந்திருப்பார்கள், மாற்றமும் அவர்களில் பாதிப் பேருக்குப் போயிருக்கும். இயற்கைத் தேர்வின் கண்ணில் அது பெரிதாகப் படவே இல்லை. தாமதமாக வரும் எந்த நோய்க்கும் இது பொருந்தும். "பிஎல்ஐ சுழியம், கவலை வேண்டாம்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

ஒரு நகல் போனால் தாங்காத மரபணுவிலும் நோமேடில் சில முடக்கு மாற்றங்கள் தெரிகின்றன. அவற்றைச் சுமப்பவர்கள் எப்படி ஆரோக்கியமாக இருக்கிறார்கள்?

பல சமயம் அது முடக்கு மாற்றமே இல்லை. காகிதத்தில் மட்டும் அப்படித் தெரியும். மரபணுவின் கடைசிப் பகுதியில் விழுந்த மாற்றம் புரதத்தின் வால் நுனியை மட்டும் வெட்டியிருக்கலாம். அல்லது நோய் வரக்கூடிய திசுவில் பயன்படாத எக்ஸானில் (புரதத்துக்கான குறிப்பு உள்ள மரபணுத் துண்டில்) விழுந்திருக்கலாம். டைட்டின் என்ற தசைப் புரதத்தின் மரபணுவில் 363 எக்ஸான்கள். அவற்றில் பலவற்றை இதயம் பயன்படுத்துவதே இல்லை. அங்கே விழும் மாற்றம் இதயத்துக்கு ஒன்றும் செய்யாது.

இன்னொரு காரணம் என்னை வியக்க வைத்தது. ஏஎஸ்எக்ஸ்எல்1 மரபணுவில் பிறவியிலேயே இத்தகைய மாற்றம் இருந்தால் போரிங்-ஓபிட்ஸ் என்ற கடுமையான வளர்ச்சிக் குறைபாடு வரலாம். ஆனால் பொதுத் தரவில் அதே மாற்றங்கள் தென்பட்டன. காரணம், பரிசோதனைக்கு எடுப்பது இரத்தம். வயதாகும்போது சில இரத்த மூல அணுக்களில் இந்த மாற்றம் புதிதாக வந்து, அந்த அணுக்கள் மட்டும் பெருகிவிடுகின்றன. அவர்கள் பிறந்தபோது அது இல்லை. உடலின் மற்ற இடங்களிலும் இல்லை.

என் குழந்தையின் அறிக்கையில் பிஎல்ஐ 1.00 என்று இருக்கிறது. அப்படியென்றால் நோய் உறுதியா?

இல்லை. அந்த எண் மரபணுவைப் பற்றியது, உங்கள் குழந்தையிடம் இருக்கும் மாற்றத்தைப் பற்றியது அல்ல. பிஎல்ஐ 1.00 உள்ள மரபணுவிலும் தீங்கில்லாத மாற்றங்கள் ஏராளம் உண்டு.

மருத்துவரிடமோ மரபணு ஆலோசகரிடமோ கேட்க வேண்டியவை வேறு. இந்த மாற்றம் உண்மையிலேயே நகலை முடக்குகிறதா? பெற்றோரிடம் இருக்கிறதா, குழந்தையிடம் புதிதாக வந்ததா? இந்த மரபணுவால் வரும் நோயின் அறிகுறிகள் குழந்தையிடம் தெரிகின்றனவா? கிளின்ஜென் என்ற நிபுணர் குழு இந்த மரபணுவுக்கு என்ன மதிப்பெண் கொடுத்திருக்கிறது? அங்கே 3 என்றால் ஒற்றை நகல் இழப்பு நோய் தரும் என்பதற்குப் போதிய சான்று உண்டு என்று பொருள். 40 என்றால் அப்படி இருக்க வாய்ப்பில்லை என்று பொருள். 30 என்றால் இரண்டு நகலும் கெட்டால்தான் நோய். 40ஐப் பார்த்து 3ஐவிடப் பெரிதென்று பயந்துவிடாதீர்கள், அவை வெறும் குறியீட்டு எண்கள். கணினிக் கணிப்பும் நோயாளிகளின் சான்றும் முரண்பட்டால், நான் எப்போதும் நோயாளிகளின் சான்றையே நம்புவேன்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா?

ஒற்றை நகல் போதாமை நோய்களுக்கு அது காரணம் அல்ல. தாய்மாமன், அத்தை மகன் திருமணங்களில் கூடுவது இரண்டு நகலும் கெட்டு வரும் நோய்களின் வாய்ப்பு. இங்கே பேசும் கடுமையான நோய்களில் பெரும்பாலும் மாற்றம் கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக நேர்ந்தது. எந்தத் தம்பதிக்கும் நேரலாம். கர்ப்பத்தின்போது சாப்பிட்டதும் செய்ததும் காரணம் இல்லை. இந்த ஒரு வரியைக் கேட்ட பிறகுதான் பல அம்மாக்களுக்கு மூச்சே வருகிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

இந்தத் தரவுகளில் நம்மவர்கள் இருக்கிறார்களா?

குறைவு. நோமேட் இரண்டாம் பதிப்பின் 1,25,748 எக்ஸோம்களில் தெற்காசியர் சுமார் 15,300. ஒரு நகல் போனால் தாங்காத மரபணுக்களின் மதிப்பெண்ணை இது பெரிதாகப் பாதிக்காது, ஏனென்றால் பிழை விழும் வேகம் எல்லா மக்களிடமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒரு தனி மாற்றம் அரிதா, சாதாரணமா என்று தீர்மானிக்க நம் தரவு கட்டாயம் தேவை. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்து நீக்கம் ஒன்று தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. 2009இல் வந்த அந்த ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. ஐரோப்பியத் தரவை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 மரபணுத்தொகைகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இதையெல்லாம் கண்டுபிடித்து நோயாளிக்கு என்ன லாபம்?

ஒரு நகல் நன்றாக இருக்கிறது என்பதே பெரிய வாய்ப்பு. புது மரபணுவை உள்ளே கொண்டுபோகாமல், இருக்கும் நல்ல நகலைக் கூடுதலாக வேலை வாங்க முடியுமா என்று பார்க்கலாம். 2019இல் கலிபோர்னியாவில், சிம்1 மரபணுவில் ஒரு நகல் இல்லாததால் உடல் பருத்த எலிகளுக்கு, டிஎன்ஏவை வெட்டாத வகை கிரிஸ்பர் (டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கும் கருவி) முறையால் மிச்ச நகலைத் தூண்டிவிட்டார்கள். எடை கூடுவது கட்டுப்பட்டது. டிராவே நோயிலும் நல்ல நகலிலிருந்து அதிகப் புரதம் கிடைக்கச் செய்யும் மருந்துகள் மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன.

மருந்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாத நோயும் உண்டு. எஸ்எல்சி2ஏ1 மரபணுவில் ஒரு நகல் போனால் மூளைக்குப் போதிய குளுக்கோஸ் போய்ச் சேராது, வலிப்பு வரும். வலிப்பு மருந்துகளுக்குப் பல சமயம் சரியாகக் கட்டுப்படாது. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவுக்கு மருத்துவக் கண்காணிப்பில் மாற்றினால், மூளை குளுக்கோஸுக்குப் பதிலாக, உடல் கொழுப்பிலிருந்து உருவாக்கும் கீட்டோன்களை எரித்து இயங்கும். பல குழந்தைகளுக்கு வலிப்பு நின்றோ குறைந்தோ போகிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அதற்கு அந்த மரபணுவின் பெயர் சீக்கிரம் தெரிய வேண்டும்.